சத்து மாத்திரையா, சாப்பாடா: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

செல்லூர், மருந்துக்கடை வைத்திருப்பவர்:

"நல்ல சத்து மாத்திரை ஒன்று கொடுங்கள்" என்று கேட்பவரிடம், எந்தச் சத்து என்று நான் திருப்பிக் கேட்பேன். இதற்காகவே என் கடையைத் தவிர்ப்பவர்கள் உண்டு. பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் அண்ணன் ஒருவர் உடம்பு அசதி என்று வந்து, விளம்பரத்தில் பார்த்த மல்டிவைட்டமினைப் பிடிவாதமாக வாங்கிப்போனார். சில நாளில் பதறிக்கொண்டு திரும்பி வந்தார். "தம்பி, சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறது. காமாலையா?" கண்ணைப் பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருந்தது. மாத்திரையில் இருந்த பி2, அதாவது ரைபோஃபிளேவின் செய்த வேலை அது. தேவைக்கு மிஞ்சியதை உடம்பு வெளியே தள்ளிவிடும். கொடுத்த காசும் அதோடு போகும். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். அசதிக்குக் காரணம் சர்க்கரை நோய்.

"எல்லாச் சத்தும் ஒரே மாத்திரையில்" என்று அட்டையில் போட்டிருந்தால் கால்சியத்தின் அளவை மட்டும் பாருங்கள். 500 மில்லிகிராம் கால்சியம் கிடைக்க 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் வேண்டும். அது ஒன்றே தொண்டையில் சிக்கும் அளவு பெரிய மாத்திரை. மற்ற சத்துகளையும் சேர்த்துச் சின்ன கேப்சூலுக்குள் எப்படி அடைப்பார்கள்? 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது.

திருமங்கலம் பக்கம், கிராமச் சுகாதாரச் செவிலியர்:

கர்ப்பிணிகளுக்கு நாங்கள் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ஒரு வீட்டில் மாமியார் அதைப் பரணில் போட்டுவிட்டு, விலை கூடிய மல்டிவைட்டமின் டப்பாவை மருமகளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். இலவச மாத்திரை தின்றால் மலம் கறுப்பாகிறதாம். இரும்பு மாத்திரை என்றால் அப்படித்தான் ஆகும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. டப்பாவைத் திருப்பிப் படித்தேன். அதில் இரும்பே இல்லை! இலவசம் என்றால் மட்டம் என்ற நினைப்புக்கு நம்மிடம் மாத்திரை கிடையாது.

இன்னொரு பெண் ஒழுங்காகச் சாப்பிட்டாள், ஆனால் டீயோடு. டீயில் உள்ள டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. டீயைத் தள்ளிவைத்து, எலுமிச்சைச் சாறோடு விழுங்கச் சொன்னேன். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றினேன். அடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏறியிருந்தது. முருங்கைக்கீரையும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) நல்லவைதான். ஆனால் ஹீமோகுளோபின் 8க்கு இறங்கிவிட்ட கர்ப்பிணிக்கு அவை மட்டும் போதாது.

மேலமாசி வீதி, வங்கி ஊழியர்:

எங்கள் வீடு சைவம். அண்ணா நகர் உழவர் சந்தை 1999இல் திறந்ததிலிருந்து (தமிழகத்தின் முதல் உழவர் சந்தை அதுதான்) அப்பா கீரை வாங்குவது அங்கேதான். சர்க்கரைக்குப் பல வருடங்களாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். பாதம் மரத்துப்போகிறது என்று சொன்னபோது மருத்துவர் பி12 பார்க்கச் சொன்னார். மிகக் குறைவாக இருந்தது. "தினமும் கீரை சாப்பிடுகிற மனுஷனுக்கா?" என்று அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. கீரை, காய், பருப்பு எதிலும் பி12 இயல்பாகக் கிடையாது. சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. மெட்ஃபார்மின் அதையும் உடம்பில் சரியாகச் சேரவிடாது. முதலில் ஊசி போட்டார்கள், இப்போது தனி பி12 மாத்திரை. மல்டிவைட்டமினை மருத்துவர் எழுதவே இல்லை.

நத்தம் சாலை, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை:

உணவுக் கட்சி, மாத்திரைக் கட்சி இரண்டுக்கும் நம் ஊரே பதில் சொல்லியிருக்கிறது. மதுரை அரவிந்த் மருத்துவமனை ஆய்வாளர்கள் அன்றைய திருச்சி மாவட்டக் கிராமங்களில் சிறு குழந்தைகளுக்கு வாரம் ஒரு முறை வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் வெளியான முடிவு: இறப்பு 54 சதவீதம் குறைந்தது. கொடுத்ததோ, நல்ல சாப்பாட்டிலிருந்தே கிடைத்திருக்கக்கூடிய அளவு. அந்தச் சாப்பாடு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. ஆரோக்கியமான பெரியவர்கள் விஷயம் வேறு. மல்டிவைட்டமின் இதய நோயையும் புற்றுநோயையும் தடுக்கும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022இல் அறிவித்தது.

மேலூர், ஒரு தாய்:

மகள் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். மல்டிவைட்டமினோடு மீன் எண்ணெய் மாத்திரையும் கொடுக்கலாமா?

செல்லூர், மருந்துக்கடை வைத்திருப்பவர்:

நீங்களாகக் கொடுக்காதீர்கள் அம்மா. மீன் ஈரல் எண்ணெய் என்றால் அதில் வைட்டமின் ஏ உண்டு; மல்டிவைட்டமினிலும் இருக்கலாம். அது பி2 போல வெளியேறாது, கல்லீரலில் தங்கும். ரெட்டினால் வடிவில் (ஈரலில் இருக்கும் வைட்டமின் ஏ வகை) அளவு மீறினால் கருவுக்கு ஆபத்து. வீட்டில் ஆட்டு ஈரல் வறுவல் அடிக்கடி செய்வீர்கள் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு டப்பாக்களையும் கையோடு எடுத்துப் போங்கள். செவிலியர் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால் அதை மட்டும் நிறுத்தாதீர்கள்.