எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழு: டிஏடி ஃபைல் குழப்பம்

மாலா சித்தி: பழைய கல்யாண சிடி கிடைத்தது. உள்ளே இருக்கிற ஃபைல் திறக்கவே மாட்டேன் என்கிறது. பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து டிஏடி என்று இருக்கிறது. எதில் திறக்க வேண்டும் என்று என்னையே கேட்கிறது!

பெரியப்பா: எனக்கும் அதே டிஏடிதான். நண்பர் மெயிலில் அனுப்பினார். ரகு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வழியாகச் சொல்லிவிடு.

ரகு: ஒரே வழி கிடையாது பெரியப்பா. டிஏடி என்றால் வெறும் டேட்டா. எந்த புரோகிராமும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். எங்கிருந்து வந்தது என்பதுதான் துப்பு. சித்தி, எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது?

மாலா சித்தி: எம்பெக்ஏவி. 600 எம்பிக்கு மேல் காட்டுகிறது.

ரகு: அப்படியானால் அது வீடியோ சிடி. 1990களில் வந்த வகை. உள்ளே எம்பெக்-1 வீடியோ இருக்கும். விஎல்சி பிளேயர் இலவசம்தான், அதில் இழுத்துப் போடுங்கள், ஓடும்.

பெரியப்பா: என்னுடையது வெறும் 40 கேபி. வின்மெயில் டிஏடி என்று பெயர்.

ரகு: அவர் அவுட்லுக்கில் ரிச் டெக்ஸ்ட் வடிவில் அனுப்பியிருப்பார். இணைப்பு எல்லாம் ஒரே மூட்டையாக வந்துவிடும், மற்ற மெயில் புரோகிராம் பலவற்றுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. ஹெச்டிஎம்எல் வடிவில் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றிப் பிரிக்க வேண்டாம், உள்ளே என்ன கணக்கு வழக்கு இருக்குமோ.

பெரியப்பா: நான் கடைசியில் பிடிஎஃப் என்று பெயரை மாற்றிப் பார்த்தேன். பிழை என்றது.

ரகு: சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா பெரியப்பா?

நித்யா: அண்ணா, ஒரு ஃபைலுக்குப் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து வரும் அந்த வாலே இல்லை என்றால்?

ரகு: நோட்பேடில் திறந்து முதல் சில எழுத்துகளை மட்டும் பார். பெரும்பாலும் குப்பையாகத்தான் தெரியும். ஆனால் சதவீதக் குறியும் பிடிஎஃப் என்பதும் இருந்தால் பிடிஎஃப். பிகே என்று தொடங்கினால் ஜிப், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் இனிஷியல் அது. இப்போதைய வேர்ட், எக்ஸெல் ஃபைல்களும் உள்ளுக்குள் ஜிப்தான், அதனால் அவற்றிலும் பிகே வரும். பார்த்துவிட்டு சேவ் செய்யாமல் மூடிவிடு, இல்லையென்றால் ஃபைல் கெட்டுப்போகும்.

நித்யா: எம்இசட் என்று ஒன்றில் பார்த்தேனே.

ரகு: அது விண்டோஸ் புரோகிராம்! போட்டோ என்று சொல்லி யாராவது அனுப்பியிருந்தால் கிளிக் செய்யாதே, அழித்துவிடு. விண்டோஸ் வழக்கமாக வாலை மறைத்துவிடும். போட்டோ ஜேபிஜி என்று கண்ணுக்குத் தெரியும், பின்னால் இஎக்ஸ்இ என்ற புரோகிராம் வால் ஒளிந்திருக்கும். ஃபோல்டரைத் திறந்து வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்து வை.

மாலா சித்தி: ஓடுகிறது ஓடுகிறது!!

மாலா சித்தி: ஆனால் ரகு, கவரில் எங்கள் பெயர், உள்ளே ஓடுவது உங்கள் பெரியப்பா கல்யாணம்.

பெரியப்பா: அப்போது என் கவருக்குள் இருப்பது யாருடையது? இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.