வண்டல் மண் பற்றி ஓர் உதவி வேண்டும்

வணக்கம். பிள்ளைகளுக்கு நதிக்கரை நாகரிகங்களை வண்டலில் இருந்து தொடங்கிச் சொல்லலாம் என்று ஒரு பாட்டிலில் ஆற்று மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தேன். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிட்டது. அதன்மேல் வண்டல் மெதுவாகப் படிந்தது. களிமண் மட்டும் மறுநாள் காலையிலும் கலங்கலாகவே நிற்கிறது. என்ன பிடிவாதம்!

நைல் கதை சுலபம். எத்தியோப்பிய மலைகளின் எரிமலைப் பாறை தேய்ந்து நீல நைல் வழியாக எகிப்து வரை வந்தது. 1970-இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிந்த பிறகு அந்த வண்டலில் பெரும்பகுதி அணைக்குப் பின்னால் உள்ள நாசர் ஏரியிலேயே தங்கிவிடுகிறது. டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளுக்கு இடையிலான மெசபடோமியாவைத்தான் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. அங்கே வெள்ளம் வசந்த காலத்தில், பயிர் நிற்கும்போது வரும். நிலத்துக்கு உரமான அதே வண்டல் வாய்க்கால்களைத் தூர்த்துவிடும்; ஓயாமல் தூர்வார வேண்டும்.

வாய்க்கால் தூர்ந்துபோவதை ஒரு தட்டில் செய்துகாட்ட யாராவது முயன்றிருக்கிறீர்களா? என் தட்டில் தண்ணீர் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. சரிவைக் குறைக்க வேண்டுமா, மண்ணை மாற்ற வேண்டுமா? அப்புறம், வண்டல் இறுகிப் பாறையாவதை ஒரு பீரியடுக்குள் காட்ட வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.