தேயிலைப் பதிவேட்டை எக்செலில் ஏற்றும் வேலை: வீட்டில் உட்கார்ந்தால் நகரவே மாட்டேன் என்கிறது

கேள்வி (கட்டபெட்டு):
பச்சைத்தேயிலை கொள்முதல் பதிவேடு ஆறு. ஒவ்வொன்றிலும் 100 பக்கம், பக்கத்துக்கு 20 வரி. தேதி, உறுப்பினர் எண், மொத்த எடை, கழிவு, நிகர எடை, எல்லாமே கையெழுத்து. ஒரு மாதத்தில் எக்செலில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். காலையில் லேப்டாப்பைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் மூன்று பக்கம்கூடத் தேறவில்லை. டீ போடுவது, போனை எடுப்பது, மேசை துடைப்பது என்றே பொழுது போகிறது. எப்படி முடிப்பது?

பதில் 1 (குன்னூர்):
முதலில் கணக்கைப் போடுங்க. 12,000 வரி. நிமிடத்துக்கு நாலு வரி என்றால் பக்கத்துக்கு 5 நிமிடம், மொத்தம் 50 மணி நேரம். நாளைக்கு 30 பக்கம், அதாவது இரண்டரை மணி நேரம் செய்தால் 20 நாளில் முடிந்துவிடும். ஆறு பதிவேட்டையும் மேசையில் அடுக்கி வைக்காதீங்க, பார்த்தாலே மலைப்பு வரும். அன்றைய ஒன்று மட்டும் போதும்.

நிகர எடையை அடிக்கவே வேண்டாம். மொத்தத்தில் கழிவைக் கழிக்கும் சூத்திரம் போட்டுவிடுங்க. ஒரே தேதி தொடர்ந்தால் கன்ட்ரோலும் டியும் அழுத்தினால் மேல் செல்லில் உள்ளது இறங்கிவிடும். ஒவ்வொரு செல்லுக்கும் டேப் அழுத்தி நகர்ந்து, வரி முடிவில் என்டர் தட்டினால் கர்சர் தானாகவே அடுத்த வரியின் முதல் செல்லுக்குப் போகும். மவுசைத் தொடவே வேண்டியதில்லை. லேப்டாப்பில் எண் பலகை இல்லையென்றால் யுஎஸ்பி எண் பலகை ஒன்று வாங்கிவிடுங்க, வேகம் நன்றாகவே கூடும்.

பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை எழுதியிருந்தால் எக்செல் கூட்டுத்தொகையோடு அப்போதே ஒத்துப் பாருங்க. 48-ஐ 84 என்று அடித்தது அங்கேயே மாட்டும். கடைசியில் 600 பக்கத்திலும் தேடுவது கொடுமை.

பதில் 2 (கோத்தகிரி):
கை நிற்பது தட்டச்சில் அல்ல, முடிவெடுக்க வேண்டிய இடத்தில். மை பரவிய எண், அடித்துத் திருத்திய எடை, எண் விட்டுப்போன வரி. அங்கே யோசிக்கிறோம், எரிச்சல் வருகிறது, போன் கைக்கு வந்துவிடுகிறது. வேலையைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் அந்த எரிச்சலிலிருந்து தப்பிக்கத்தான், சோம்பலால் அல்ல. ஆகவே அந்த வரியை மஞ்சளாக்கி, செல்லைக் காலியாக விட்டு, நிற்காமல் அடுத்த வரிக்குப் போங்க. பக்க எண், வரி எண் மட்டும் தனி ஷீட்டில் குறித்து, இரண்டு நாளுக்கொருமுறை மொத்தமாகக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

25 நிமிட டைமர் முறையை எல்லோரும் சொல்வாங்க. 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ மாணவராக இருந்தபோது தன் படிப்புக்காகத் தக்காளி வடிவ டைமரை வைத்து ஆரம்பித்தது அது. இந்த வேலைக்கு நேரத்தைவிடப் பக்கமே நல்ல அளவு: ஐந்து பக்கம், பிறகு எழுந்திருங்க. எழும்போது ஆறாவது பக்கத்தில் மூன்று வரி அடித்துவிட்டு எழுங்க. திரும்பி வந்து எங்கே தொடங்குவது என்ற யோசனையே இருக்காது.

பதில் 3 (ஊட்டி):
குளிரையும் கவனிங்க. விரல் விறைத்தால் பிழை கூடும், மனசும் எழுந்து ஓடப் பார்க்கும். மடியில் வெந்நீர்ப் பை, விரல்நுனி வெட்டிய கையுறை போதும். கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பு மட்டும் வைக்கவே வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.

மதியம் மூடுபனி இறங்கினால் அறை இருட்டிவிடும், தூக்கம் சொக்கும். 30 பக்கத்தில் 20-ஐ காலை வெளிச்சத்திலேயே முடிங்க. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும், லேப்டாப் சார்ஜை எப்போதும் முழுசாக வைத்திருங்க.

கேட்டவர்:
கழிவு சில பக்கத்தில் கிலோவாகவும் சில பக்கத்தில் சதவீதமாகவும் இருக்கிறது. அங்கேதான் அடிக்கடி நிற்கிறேன்.

பதில் 2 (கோத்தகிரி):
மனக்கணக்குப் போடாதீங்க. கிலோவுக்கு ஒரு பத்தி, சதவீதத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்து, எழுதியிருப்பதை அப்படியே அடியுங்க. எந்தப் பத்தி நிரம்பியிருக்கிறதோ அதை வைத்து நிகர எடை வரும்படி சூத்திரத்தை ஒருமுறை மாற்றினால் போதும்.