விலை குறைந்த மடக்குக் கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

புதுக் கத்தி கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது கூர்மையைத்தான். தாளைச் சர்ரென்று கிழித்துவிட்டால் மனம் நிறைந்துவிடுகிறது. கூர் மழுங்கினால் கல்லில் தீட்டிக்கொள்ளலாம். திறந்த அலகை மடங்காமல் பிடித்து நிறுத்தும் லாக் சரியில்லாவிட்டால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. அலகு மடங்கி விழுவதும் விரல் மேல்தான். ஆகவே லாக்கில் தொடங்குங்கள்.

லைனர் லாக் கத்தி என்றால், முழுக்கத் திறந்து பிடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளிருந்து வளைந்து வரும் மெல்லிய தகடு, அலகின் அடிப்பாகத்தின் பின்னால் வந்து முட்டி நிற்கும். அந்த அகலத்தில் கால்பங்கிலிருந்து பாதிவரை ஏறியிருந்தால் நல்லது. ஓரத்தை மட்டும் தொட்டு நின்றால், அழுத்தி வெட்டும்போது நழுவும். எதிர்ப்பக்கம் வரை போய்விட்டதா? இனித் தேய இடமில்லை. இரண்டும் திருப்பிக் கொடுக்க வேண்டிய கத்திகள். பிறகு அலகைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் லாக் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஸ்க்ரூவை முறுக்கிப் பயனில்லை.

*

பக்கவாட்டு ஆட்டம் மட்டும் என்றால் கவலை வேண்டாம், அது அலகு சுழலும் அச்சின் ஸ்க்ரூ தளர்ந்ததுதான். பெரும்பாலும் டி6 அல்லது டி8 அளவு டார்க்ஸ் தலை, அதாவது ஆறு முனை நட்சத்திரக் குழி. அளவு பொருந்தாத பிட்டைப் போட்டால் தலை வழுக்கி வீணாகிவிடும். ஒரு முறைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் முறுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் திறந்து மூடிப் பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் ஸ்க்ரூவைக் கழற்றி, மரையில் நீலத் திரெட்லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சிறு துளி வைத்துப் பூட்டுங்கள். வாஷரில் பட்டால் அலகே ஒட்டிக்கொள்ளும்.

மூடிய கத்தியை, அலகு வெளிவரும் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து உதறியும் பாருங்கள். அலகு வெளியே எட்டிப் பார்த்தால் அது பையில் வைக்கத் தகுந்ததல்ல.

*

எஃகைப் பற்றி ஒன்று. இந்த ரகத்தில் அடிக்கடி வருவது 8சிஆர்13எம்ஓவி. ஒழுங்காகப் பதப்படுத்தியிருந்தால் கடினம் ராக்வெல் அளவில் 57–59 இருக்கும். சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டவும் வரும். புதுக் கத்தி இரண்டே நாளில் மழுங்கினால் எஃகைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். தொழிற்சாலையில் பெல்ட்டில் தீட்டும்போது சூடேறி, விளிம்பு மட்டும் மென்மையாகியிருக்கலாம். பக்கத்துக்கு 20 டிகிரியில் பிடித்து, மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு, அதாவது விளிம்பில் எழும் மெல்லிய உலோக ஓரம், விரலுக்குத் தட்டுப்படும்வரை தீட்டுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிசிறை எடுக்காமல் விட்டால் முதல் அட்டைப்பெட்டியிலேயே அது மடிந்து, கூர் போன மாதிரி ஆகிவிடும். இரண்டு மூன்று முறை தீட்டிய பிறகுதான் கத்தியின் உண்மையான தரம் தெரியும்.

*

மரப்பிடி பிடித்தவர்களுக்கு ஓபினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியின் 8ஆம் எண். அலகு 8.5 செ.மீ., லாக் ஒரு சுழலும் வளையம். 1955 முதல் இருக்கும் அமைப்பு. ஈரம் பட்டால் பீச் மரம் உப்பி, அலகு திறக்கவே வராது. கார்பன் எஃகு அலகு என்றால் எலுமிச்சை அறுத்ததும் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் கறுத்துவிடும். உப்பிய பிடியைக் கழுவிய கையோடு வெயிலில் வைக்காதீர்கள், விரிசல் விடும். நிழலில் ஓரிரு நாள் உலரட்டும், பிறகு அச்சில் ஒரு சொட்டு எண்ணெய்.