பழைய கட்டடத்தில் கை வைக்கப் போய் உங்களுக்கு என்ன நடந்தது?

கண்டிக் கடைக்காரர்:
டவுனுக்குள்ளே கொட்டுகொடெல்ல வீதிப் பக்கம் அப்பா காலத்துக் கடை எங்களுடையது. முன்பக்கப் பலகைக் கதவைக் கழற்றிவிட்டு அலுமினியமும் கண்ணாடியும் போட வரைபடம் கொடுத்தோம். "முகப்பைத் தொடாதீங்க, ஓட்டுக் கூரை அப்படியே இருக்கணும், பெயர்ப்பலகையையும் சின்னதாக்குங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். 1988ல் கண்டி உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது ஊருக்கே தெரியும். ஆனால் தலதா மாளிகையோடு நிற்காமல் பருப்பு, கருவாடு விற்கிற கடை வரைக்கும் அது வந்து நிற்கிறதே!

பார்க்க வந்த உத்தியோகத்தர் நல்ல மனுஷன். சாவியால் சுவரைச் சுரண்டினார். நாங்கள் பூசியிருந்த சீமெந்து தகடு தகடாகக் கழன்றது, உள்ளே செங்கல் ஈரத்தில் ஊறிப்போய்க் கிடந்தது. "சுண்ணாம்புச் சாந்துல கட்டின சுவர் மாத்தயா, குடிச்ச ஈரத்தை வெளியே விட்டுடும். சீமெந்து பூசினா ஈரம் போக வழியில்லை" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் பாஸ் ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. செலவு முழுக்க எங்கள் தலையில்தான்.

ஹட்டன் பிள்ளை:
உங்களைத் தொடாதே என்றார்கள் அண்ணன், எங்களைக் கேட்கவே ஆள் இல்லை. தோட்டத்துக் கோயிலில் கருங்கல் தூண் வைத்த பழைய மண்டபம் இருந்தது. அதை இடித்து கொங்கிரீட்டில் கட்டலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்ததும், தொல்பொருள் படித்த தம்பி ஒருவனிடம் போய்க் கேட்டோம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தை எடுத்து விளக்கினான். 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடம் என்றால் அது புராதனச் சின்னம். பிந்தியது என்றால் அமைச்சர் வர்த்தமானியில், அதாவது அரசாங்க அறிவித்தல் பத்திரிகையில், அறிவித்தால்தான் பாதுகாப்பு.

அது என்ன தேதி என்கிறீர்களா? கண்டி அரண்மனை மண்டபத்தில் ராச்சியத்தை வெள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தின் நாள். நம்ம ஆட்கள் கோப்பிக் காட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867ல். அப்படியென்றால் ஸ்டோரு என்கிற தேயிலை ஆலை, ஆட்கள் குடியிருக்கிற லயம், வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களம், மாரியம்மன் கோயில் எதுவுமே அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக யாராவது கேட்டு வாங்க வேண்டும். எழுதிக் கேட்கலாம் என்று நான் சொன்னேன். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றார் தலைவர். மண்டபம் போய்விட்டது. தூண் இரண்டு இன்னும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் துணி துவைக்கிற கல்லாகக் கிடக்கிறது.

நுவரெலியா தபால்:
எங்கள் டவுன் தபால் கந்தோர் 1894ல் கட்டினது, சிவப்புச் செங்கல், உச்சியில் மணிக்கூடு. அதை ஹோட்டலுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்றதும் 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மரபுரிமை என்ற பேச்சு மார்க்கட்டில் மரக்கறி விற்கிறவர் வாயில்கூட வந்தது அப்போதுதான். சட்டத்தைவிட ஆட்கள் வீதிக்கு வருவதுதான் வேலை செய்கிறது என்பது என் எண்ணம்.

கம்பளை அக்கா:
லயத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லுகிறவர்கள் ஒரு மழைக்காலம் அந்தக் காம்பராவில் படுத்துப் பார்க்கட்டும். 7 பேர்ச் காணியில் தனி வீடு கேட்டு நிற்கிற குடும்பத்திடம் போய், "இது வரலாறு, ஓட்டையை அடைக்காதே" என்று யார் சொல்லுவது? ஆட்களுக்கு வீடு கொடுங்கள், காலியான ஒரு லயத்தை மட்டும் இஸ்தோப்போடு, அதாவது முன் திண்ணையோடு, விட்டு வையுங்கள். எங்கள் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

ஹட்டன் தம்பி, அந்த இரண்டு தூணையாவது துவைக்கிற இடத்திலிருந்து தூக்கிக் கோயில் வாசலில் வையுங்கள். அதற்கு வர்த்தமானி தேவையில்லை, நாலு பேர் போதும்.

ஹட்டன் பிள்ளை:
வைக்கலாம் அக்கா. துணி துவைக்கிறவர்களுக்கு வேறு கல் கொடுக்கணும், இல்லாவிட்டால் என்னைத்தான் துவைப்பார்கள்.