பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஜப்பான் நோட்டு, நம்பரே இல்லை, போலியா?

வியாசைப் பொண்ணு:
வணக்கம். வியாசர்பாடியில் இருக்கிறோம். அப்பா வழிப் பாட்டி 1964-இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். போன மாதம் தவறிவிட்டார். பரணிலிருந்து அவர் டிரங்குப் பெட்டியை இறக்கினால், சேலைக்கு அடியில் ஒரு துணி முடிச்சில் 23 நோட்டுகள். பத்து ரூபாய், நூறு ரூபாய், சில ஒரு ரூபாய். புத்தக் கோயில் படம் போட்டு, மேலே ஆங்கிலத்தில் 'ஜப்பானிய அரசாங்கம்' என்று இருக்கிறது. ஒன்றில்கூட நம்பர் கிடையாது, 'பி' என்று தொடங்கி இரண்டு எழுத்து மட்டும்தான். பாரிமுனையில் ஒரு கடையில் காட்டினேன். நம்பர் இல்லாத நோட்டு எல்லாம் டூப்ளிகேட், வேண்டுமானால் மொத்தமாக இருநூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொடுக்க மனசு வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன். நிஜமா போலியா? ஓரம் கிழிகிறது, லேமினேட் செய்துவிடலாமா?

ராயபுரம் பழந்தாள்:
முதலில் லேமினேஷன் கடைப்பக்கம் போகாதீர்கள் தங்கச்சி! சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்கவே முடியாது, நோட்டு அதோடு முடிந்தது. செல்லோடேப்பும் வேண்டாம், பசை மஞ்சளாகி ஊறும்.

நம்பர் இல்லை என்பதாலேயே போலி என்று சொல்வது தவறு. ஜப்பான் ராணுவம் 1942-இல் பிடித்த நாடுகளுக்கெல்லாம் அந்தந்த ஊர்ப் பணத்தின் பேரிலேயே நோட்டு அடித்தது, பர்மாவுக்கு ரூபாய், மலாயாவுக்கு டாலர், பிலிப்பைன்ஸுக்கு பெசோ, பசிபிக் தீவுகளுக்கு ஷில்லிங், பவுண்டு என்று. எந்த நாட்டு நோட்டு என்பதை முதல் எழுத்து சொல்லிவிடும். 'பி' பர்மா, 'எம்' மலாயா, 'ஓ' ஓஷியானியா, அதாவது அந்த பசிபிக் தீவுகள். மலாயாவில் முதலில் வந்த சில டாலர் நோட்டுகளில் நம்பர் உண்டு, அதற்குத்தான் சேகரிப்பவர்களிடம் கிராக்கி. அப்புறம் நம்பரையே விட்டுவிட்டு எழுத்தை மட்டும் போட்டு அடித்துத் தள்ளினார்கள். பின்னால் தங்கமோ வெள்ளியோ ஈடு கிடையாது, எவ்வளவு அடித்தோம் என்று ஊருக்குச் சொல்லவேண்டிய கட்டாயமும் கிடையாது. விலைவாசி எகிறியது. 1945-இல் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்ததும் இது செல்லாது என்றார்கள். கூலியை இதில் வாங்கி மிச்சம் பிடித்தவர்களுக்கு ஒரு பைசா மாற்றித் தரவில்லை.

விலை என்று கேட்டால், பர்மா பத்து ரூபாயும் நூறு ரூபாயும் நிறையவே கிடைக்கின்றன, பெரிய தொகை வராது. சாதாரணமாகக் கிடைக்கும் நோட்டைப் போலி அடிக்க ஆளுக்கு அவசியமும் குறைவு.

கொருக்குப்பேட்டை ரயிலடி:
எங்கள் குடும்பமும் பர்மாவிலிருந்து வந்ததுதான், அதனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1964 மே மாதம் அங்கே ஆட்சியைப் பிடித்திருந்த ராணுவத் தளபதி நே வின்னின் அரசு 50, 100 சாட் (பர்மா பணம்) நோட்டுகளைச் செல்லாது என்றது. கடைகளையும் எடுத்துக்கொண்டது. கப்பல் ஏறும்போது நகை, பணம் கொண்டுவர விடவில்லை. மூக்குத்தியைக்கூடக் கழற்றச் சொன்னார்கள் என்று எங்கள் ஆயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஜப்பான் நோட்டு யாருக்கும் வேண்டாத காகிதம் என்பதால்தான் சோதனையைத் தாண்டி வந்திருக்கும். உங்கள் பாட்டி பத்தொன்பது வருஷம் செல்லாத பணத்தை வைத்திருந்து, மற்றதெல்லாம் போனபிறகும் அதைத் துணியில் முடிந்து எடுத்து வந்திருக்கிறார். அது யாருடைய கூலி, எதற்காகச் சேர்த்தது என்று தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். நான் ஆயாவிடம் கேட்காமல் விட்டுவிட்டேன், இன்றுவரை உறுத்துகிறது.

வியாசைப் பொண்ணு:
அண்ணா, இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் காட்டினேன், அழுதுவிட்டார். நேற்று இன்னொரு நோட்டும் கிடைத்தது. நம்ம ஊர் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஒரு ரூபாய், அதன்மேல் சிவப்பில் ஆங்கில எழுத்து, பர்மா ராணுவ நிர்வாகம், பர்மாவில் மட்டும் செல்லும் என்று. இதற்கு நம்பர் இருக்கிறது.

ராயபுரம் பழந்தாள்:
அடடா, அதைத் தனியாக எடுத்து வையுங்கள்! ஜப்பான்காரர்கள் போனபிறகு, 1945-இல் இந்திய நோட்டின்மேலேயே அச்சுக் குத்தி பிரிட்டிஷ் ராணுவம் பர்மாவில் விட்டது அது. ஒரே முடிச்சில் இரண்டு ராணுவத்தின் பணமும் இருக்கிறது பாருங்கள். அவசரப்பட்டு யாரிடமும் விற்காதீர்கள். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வங்கி நோட்டு இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது வந்தாலும் தலையாட்ட வேண்டாம். அந்த வங்கி 1944-இல் ரங்கூனில் இருந்தது நிஜம், ஆனால் அதன் பேரில் புதிதாக அச்சடித்த தாள்கள் சுற்றுகின்றன.

வைப்பதற்கு மைலார் என்ற பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறை வாங்குங்கள், நாணயம் சேகரிப்பவர்களுக்கு விற்கும் கடைகளில் கிடைக்கும். வழவழவென்று வாசனை அடிக்கும் பிவிசி உறை ஆகாது. நம்ம பக்கம் கடல் காற்று ஈரம், ராமபாணப் பூச்சி வேறு. வியாசர்பாடியில் மழைக்குத் தண்ணீர் ஏறும், அதனால் கீழ் அலமாரி வேண்டாம். மடிப்பை நீக்க இஸ்திரி போடாதீர்கள்.

வியாசைப் பொண்ணு:
சரிண்ணா. ஞாயிற்றுக்கிழமை பெரிய அத்தை தண்டையார்பேட்டையிலிருந்து வருகிறார், ரங்கூனில் பிறந்தவர். நோட்டை எதிரில் வைத்துக் கேட்கப்போகிறேன், போனில் பதிவும் செய்கிறேன். 24 நோட்டின் எழுத்துகளையும் தனித்தனியாகப் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.