840 கிராம் டீசலிலிருந்து 2.7 கிலோ கரியமில வாயு எப்படி வரும்?

பேரேடு (கேள்வி):
நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். எங்கள் அலுவலகத்திலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு பசுமை இல்ல வாயு வெளியேறுகிறது என்று கணக்கிடும் பொறுப்பை இம்முறை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். மின்சார ரசீதுகளைக் கூட்டியாயிற்று. ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல் 1,200 லிட்டர். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வாய்ப்பாடு சொல்கிறது. இங்கேதான் இடிக்கிறது. ஒரு லிட்டர் டீசலின் எடையே ஏறத்தாழ 840 கிராம்தான். உள்ளே போனதைப் போல மூன்று மடங்கு வெளியே வந்ததாகக் காட்டும் ஏட்டில் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. மீதி எங்கிருந்து வந்தது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். மின்சாரத்தையும் டீசலையும் எழுதிவிட்டால் கணக்கு முடிந்ததா? எதில் கை வைத்தால் உண்மையிலேயே குறையும்? மரம் நடுவது பற்றி நிறையப் படித்துவிட்டேன். அதைத் தாண்டி யாராவது சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்கல்:
முப்பது ஆண்டு வேதியியல் பாடம் எடுத்தவன் என்பதால் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மீதி காற்றிலிருந்து வந்தது. 840 கிராம் டீசலில் ஏறத்தாழ 725 கிராம் கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12 என்றால் இரண்டு ஆக்சிஜனின் எடை 32. ஆக 12 கிராம் உள்ளே போனால் 44 கிராம் வெளியே வரும். 725-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்துப் பாருங்கள், 2.7 கிலோவை ஒட்டி வரும். கையெழுத்துப் போடலாம்.

எரிக்காமலே கரியமில வாயு வரும் இடமும் உண்டு. சிமென்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடுகிறார்கள். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோதான் கல்லாக மிஞ்சும், 44 கிலோ வாயுவாகப் போய்விடும். சூளையைச் சூரிய மின்சாரத்தாலேயே சூடாக்கினாலும் இந்த 44 கிலோவைத் தடுக்க முடியாது, அது கல்லுக்குள்ளேயே இருந்தது. அதனால்தான் சுட்ட களிமண், கொதிகலன் சாம்பல், உருக்காலைக் கசடு ஆகியவற்றைக் கலந்து, சூளையில் சுட்டெடுக்கும் கிளிங்கர் என்ற சிமென்ட் மூலக் கட்டியின் பங்கைக் குறைக்கப் பார்க்கிறார்கள். அலுவலகத்தில் இவ்வாண்டு கட்டட வேலை ஏதேனும் நடந்திருந்தால் சிமென்டையும் கணக்கில் சேருங்கள்.

ஏசி மெக்கானிக்:
பேரேடு ஐயாவுக்கு வணக்கம். உங்கள் பட்டியலில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அலுவலகத்தில் ஏசி இருக்குமே, போன ஆண்டு எத்தனை கிலோ கேஸ் நிரப்பினார்கள்?

ஏசி ஓடுவதால் கேஸ் தீர்ந்துபோகாது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற பொருள். "ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் போட வேண்டும்" என்று யாராவது சொன்னால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிந்தது எங்கே போகும்? வானத்துக்குத்தான். வெளியில் இருக்கும் பெட்டியின் தகட்டைப் பாருங்கள், கேஸின் பெயரும் எடையும் அடித்திருக்கும். ஆர்-410ஏ என்றிருந்தால், அது ஒரு கிலோ கசிவது, பூமியைச் சூடாக்குவதில் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று கணக்கிடுகிறார்கள். அதாவது 770 லிட்டர் டீசல் எரித்த மாதிரி. ஆர்-32 என்றால் 675 கிலோ. ஆர்-290 என்பது புரொப்பேன்தான், அதன் பங்கு மிகச் சொற்பம். ஆனால் எளிதில் தீப்பற்றும், பழகாதவர்கள் அதில் கை வைக்கக் கூடாது.

நான் வேலை கற்றுக்கொண்ட நாட்களில் ஏசியை இடம் மாற்ற வேண்டுமென்றால் நட்டைத் தளர்த்திக் கேஸை அப்படியே திறந்து விட்டுவிடுவோம். "உஸ்" என்று ஒரு நிமிடம் சத்தம் வரும், குழாய் முனையில் பனி பூக்கும், அவ்வளவுதான். யாரும் தப்பென்று சொல்லவில்லை. அதன் கணக்கு தெரிந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனைக்கும் அந்தக் கேஸை வெளிப்பெட்டிக்குள்ளேயே பிடித்து வைக்க முடியும். இயந்திரத்தைக் குளிர் நிலையில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை மூட வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜ் முள் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது தடித்த குழாயின் வால்வையும் மூடி உடனே நிறுத்த வேண்டும். பம்ப் டவுன் என்போம். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் இன்றும் பலர் திறந்து விடுகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: கேஸ் நிரப்பும் முன் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குழாயை இணைக்கும் பிளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் பெரும்பாலும் கசிவு அங்கேதான். நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். அதை அடைத்து, வேக்யூம் இழுத்து (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), தராசில் வைத்து எடை பார்த்து நிரப்ப வேண்டும். தராசு இல்லாமல் வருகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மின்பாதை:
மெக்கானிக் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. 2016-இல் ருவாண்டா நாட்டின் கிகாலியில் உலக நாடுகள் கூடி இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டதும் இதற்காகத்தான். ஆனாலும் மொத்தத்தில் எது எவ்வளவு என்பதைப் பேரேடு மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2019-இல் உலகம் வெளியேற்றிய பசுமை இல்ல வாயு, கரியமில வாயுக் கணக்கில், ஏறத்தாழ 5,900 கோடி டன். அதில் மின்சாரம் உள்ளிட்ட எரிசக்தி உற்பத்திக்கு மூன்றில் ஒரு பங்கு, ஆலைகளுக்கு 24 விழுக்காடு, வேளாண்மைக்கும் காடழிப்புக்கும் 22, போக்குவரத்துக்கு 15. குளிர்சாதன வாயுக்கள் வரும் ஃபுளோரின் வாயுக் குடும்பம் முழுவதுமே 2 விழுக்காட்டை ஒட்டித்தான். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வருகிறது. ஆகவே உங்கள் மின்சார ரசீதே பெரிய வரியாக இருக்கும். கூரையில் சூரியத் தகடு வைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

பேரேடு:
மூவருக்கும் நன்றி. மின்சாரம்தான் பெரிய வரி, மறுக்கவில்லை. கூரையை அளக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் மெக்கானிக் சொன்ன பிறகு பழைய சர்வீஸ் பில்களை எடுத்துப் புரட்டினேன். நான்கு இயந்திரங்களுக்குச் சேர்த்து ஓர் ஆண்டில் 2.6 கிலோ ஆர்-410ஏ நிரப்பியிருக்கிறார்கள். பெருக்கினால் 5,429 கிலோ. ஆண்டு முழுவதும் புகை கக்கிய ஜெனரேட்டர் 3,240 கிலோ. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது பெட்டியின் தடித்த குழாய் நட்டில் விரல் வைத்தால் கறுப்பாக ஒட்டுகிறது. மூன்று பில்களிலும் அந்தப் பெட்டியின் எண்தான் இருக்கிறது, கசிவை அடைத்ததாக ஒன்றில்கூட இல்லை.